ஏமாந்தது என் குற்றமா என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சாற்றைத் தினமும் குடித்துவந்தால் ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடலாம் என்ற கட்டுரையைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தீர்கள். எழுதியவர் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்கள் இருந்தன, அடியில் ஆய்வுக் குறிப்புகள் இருந்தன, பக்கமும் பளிச்சென்று இருந்தது. இரண்டு நாள் கழித்து உறவினர் ஒருவர் அது தவறு என்று ஒரு இணைப்பைப் போட்டு, "இணையத்தில் படிப்பதைச் சரிபார்ப்பது அவரவர் பொறுப்பு" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். நான் மருத்துவம் படித்தவன் இல்லையே, எதை வைத்துச் சரிபார்ப்பேன், ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைக் கேள்வி கேட்பது என்ன நியாயம் என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பழி யாருக்கு என்பது ஒன்று. ஒரு துறை தெரியாதவர் அந்தத் துறைச் செய்தியை எப்படி எடைபோடுவது என்பது மற்றொன்று. உங்களைச் சுடுவது முதல் கேள்விதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் எனக்குச் சொல்லத் தெரிந்தது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான்.

ஒரு மாத இதழில் பத்தொன்பது ஆண்டுகள் தகவல் சரிபார்க்கும் மேசையில் இருந்தவன் நான். கட்டுரையாளர் கொடுக்கும் பிரதியில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் எண்ணையும் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் "எங்கிருந்து?" என்று எழுதி, அதற்கு விடை கிடைத்த பிறகே கோட்டை அழிப்பது வேலை. இயற்பியல், வங்கி, தொல்லியல், மகப்பேறு என்று அந்த மேசைக்கு வராத துறை கிடையாது. அவற்றில் ஒன்றில்கூட எனக்குப் பட்டம் இல்லை. அது வேலைக்குத் தடையாக இருந்ததும் இல்லை. ஏனென்றால் ஒரு கூற்று உண்மையா என்று நான் தீர்ப்பளிக்கவில்லை. சொன்னவர் அதை அறியக்கூடிய இடத்தில் இருப்பவரா, அவர் சொன்னது வழியில் திரிந்துவிட்டதா என்ற இரண்டையும்தான் பார்த்தேன். மருத்துவம் தெரியாத உங்களாலும் இந்த இரண்டையும் பார்க்க முடியும்.

முதலில் பழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொய்யை உருவாக்கியவருக்கே முதல் பழி, இதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைப் பரப்பிக் காசு பார்க்கும் தளத்துக்கும் பங்குண்டு. ஆனால் சட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, பயனர்கள் எழுதியதற்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக்கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், பெரிய தளங்கள்மீது சில கடமைகளைச் சுமத்துகிறது. நான் சட்டம் படித்தவன் அல்லன், அதனால் இதற்கு மேல் போகவில்லை. எந்தச் சட்டமானாலும், நீங்கள் இரவு பத்து மணிக்குப் பகிர்வுப் பொத்தானைத் தொடும் நேரத்துக்கு வந்து நிற்காது என்பது மட்டும் நிச்சயம். பள்ளம் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்தான் குற்றவாளி, ஆனாலும் நடக்கிற கால் நம்முடையது.

உங்கள் உறவினர் சொன்ன வாக்கியத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. "சரிபார்ப்பது அவரவர் பொறுப்பு" என்பது பொய் சொல்பவர்களுக்கும் தளங்களுக்கும் மிக வசதியான வாக்கியம். மொத்தச் சுமையையும் படிப்பவர் தலையில் இறக்கிவிட்டு மற்றவர்கள் கைகழுவிவிடலாம். படிப்பவருடைய பொறுப்பு அதைவிடச் சிறியது, எல்லை தெளிவானது. கையில் இருக்கும் செய்தி எவ்வளவு தூரம் சரிபார்க்கப்பட்டது என்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவரிடம் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "இது உண்மை" என்று சொல்வதும் "இதை ஒரு பக்கத்தில் பார்த்தேன், வேறெங்கும் தேடவில்லை" என்று சொல்வதும் ஒன்றல்ல. வெறுமனே பகிரும்போது முதல் வாக்கியத்தைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம்.

சரி, எப்படி எடைபோடுவது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் தொழிலில் பலருக்குத் தெரியும். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் என்று 45 பேரை உட்காரவைத்து இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னார்கள். ஒரு பயிற்சியில் இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகளின் பக்கங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பு. மற்றொன்று, ஒருபாலினத் தம்பதியர் குழந்தை வளர்ப்பது குறித்த கருத்து வேறுபாட்டால் 2002இல் பிரிந்துபோன சிறு குழு. பெயர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, பக்கங்களும் ஒரே மாதிரி கண்ணியமாக இருந்தன. மாணவர்களில் பெரும்பாலோர் பிரிந்துபோன குழுவின் பக்கமே நம்பகமானது என்றார்கள். வரலாற்று முனைவர்கள் பலர் இரண்டும் நம்பத் தகுந்தவைதான் என்று தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் தவறவில்லை.

அவர்கள் அதிகம் படித்ததால் இது நடக்கவில்லை, குறைவாகப் படித்ததால் நடந்தது. மற்றவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாக வாசித்து, சின்னத்தைப் பார்த்து, அடிக்குறிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். புதிய டேப் ஒன்றைத் திறந்து, அமைப்பின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, அவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். தேடல் முடிவுகள் வந்ததும் முதலாவதைச் சொடுக்கவும் இல்லை. ஒரு பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழாகக் கண்ணால் ஓட்டி, எந்த எந்த இடங்களில் இந்தப் பெயர் அடிபடுகிறது என்று பார்த்துவிட்டே எதைத் திறப்பது என்று முடிவுசெய்தார்கள். நாங்கள் மேசையில் தொலைபேசியில் செய்ததும் இதேதான். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று அவரையே கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். 45 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அதை மறைக்கவில்லை. பின்னர் பள்ளி மாணவர்களுக்கு இதே முறையைச் சில வகுப்புகளில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தபோதும் அவர்கள் மதிப்பிடுவது மேம்பட்டது. அந்தப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் நிற்குமா என்பது வேறு கேள்வி.

உங்கள் கட்டுரைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். எழுதியவர் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பட்டங்கள் எந்தத் துறையில் பெற்றவை, அவர் அதே சாற்றை எங்காவது விற்கிறாரா, அவரைப் பற்றி அவருடைய பக்கத்துக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்திருக்கும். வெளியே ஒன்றுமே இல்லை என்பதும் ஒரு தகவல்தான். நீங்கள் நம்பிய மற்ற அடையாளங்களுக்கு அநேகமாக மதிப்பில்லை. பளிச்சென்ற பக்கத்தை அரை நாளில் யாரும் அமைத்துவிடலாம். முகவரி '.ஓஆர்ஜி' என்று முடிந்தால் பொதுநல அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அதை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். முகவரிக்கு அருகில் இருந்த பூட்டுச் சின்னம், உங்களுக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பை இடையில் இருப்பவர் படிக்க முடியாது என்பதை மட்டுமே காட்டியது. தளம் நடத்துபவர் யோக்கியரா என்று அது சொல்லவே இல்லை. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் கூகுள் 2023இல் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தையே எடுத்தது.

அடியில் இருந்த ஆய்வுக் குறிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கு படித்தவர்கள் விழும் குழி அது. குறிப்பு இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறோம், யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒன்றைத் திறந்து அதன் சுருக்கத்தை மட்டும் படியுங்கள், பத்து வரிதான் இருக்கும். அதில் மூன்றே விஷயங்களைத் தேடுங்கள்: யார்மீது சோதித்தார்கள், எத்தனை பேர்மீது, எதோடு ஒப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் குறைந்தது எலிக்கு என்று இருக்கும். அல்லது பன்னிரண்டு பேர் இரண்டு வாரம் குடித்தார்கள், குடிக்காதவர்களோடு ஒப்பிடவே இல்லை என்று இருக்கும். ஆய்வு பொய்யாக இருக்காது. கட்டுரையாளர் அதைத் தாண்டி எங்கோ போயிருப்பார். பெரிய இதழில் வந்துவிட்டால் முடிந்த முடிவு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. தட்டம்மை உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆய்வு 1998இல் லான்செட் மருத்துவ இதழில்தான் வந்தது. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். அந்த இதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது 2010இல். பன்னிரண்டு ஆண்டுகள் அது "பிரசுரமான ஆய்வு" என்ற தகுதியோடு உலவியது.

இனி என் சொந்த மானக்கேடு ஒன்று. ஸ்பினாச் கீரையில் இரும்புச் சத்து அபாரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை எப்படி வந்தது என்று ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர்கள் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டார்கள், அதனால் அளவு பத்து மடங்காகப் பதிவாகி, 1930களில்தான் திருத்தப்பட்டது என்பது கதை. மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான். ஒரு புள்ளி, ஐம்பது ஆண்டு, பார்த்தீர்களா என்று விரலை வேறு உயர்த்திக் காட்டுவேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் சொல்லியிருப்பேன். ஒருநாள் அப்படிச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், கதை முடிந்ததும் பென்சிலை எடுத்து, "சார், இது எங்கிருந்து?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் தேடினார். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1981இல் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரைக்குப் போய் நின்றது. அந்தக் கட்டுரையில் இதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. மைக் சட்டன் என்ற குற்றவியல் அறிஞர் 2010இல் இதைத் தோண்டிப் பார்த்து, தசமப் புள்ளிப் பிழை நடந்ததற்குச் சான்றே இல்லை என்று எழுதியிருந்தார். அசட்டையாக நகலெடுக்காதீர்கள் என்று எச்சரிக்கும் கதையே அசட்டையாக நகலெடுக்கப்பட்டு வந்திருந்தது. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

அன்று நான் அதை ஏன் தேடவில்லை என்று பிறகு யோசித்தேன். கதை எனக்குப் பிடித்திருந்தது, என் தொழிலை உயர்த்திக் காட்டியது. அதைவிட முக்கியமாக, அதைப் பல நூல்களில் படித்திருந்தேன். ஐந்து குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக ஐந்து கிணறு இருப்பதாக ஆகிவிடாது. இணையத்தில் இது இன்னும் மோசம், ஒரு பக்கத்தை இன்னொரு பக்கம் வரிக்கு வரி எடுத்துக்கொள்கிறது. ஒரே செய்தி பத்து இடத்தில் கிடைத்தால், பத்திலும் ஒரே சொற்றொடர், ஒரே எண், ஒரே எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒரே சாட்சி. எது மிகப் பழைய தேதியோடு இருக்கிறதோ அதைத் திறந்து, அது யாரைக் காட்டுகிறது என்று பாருங்கள். யாரையும் காட்டவில்லை என்றால் உங்கள் தேடல் அங்கே முடிந்தது. அதற்குப் பிறகு நம்பலாமா என்பதற்கு விடை "இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை" என்பதுதான். அதைப் "பொய்" என்று மாற்றிச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை.

திரும்பத் திரும்பக் கேட்பது நம்மை என்ன செய்கிறது என்பதில் ஓரளவு உறுதியான அறிவு இருக்கிறது. ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை கேட்கும்போது அது கூடுதலாக உண்மை போலத் தோன்றுகிறது என்று 1977இலேயே உளவியலாளர்கள் காட்டினார்கள். 2015இல் லிசா ஃபேசியோ குழுவினர் செய்த ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் அணியும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குச் சேலை என்று பெயர், என்பது அதில் கொடுத்த வாக்கியங்களில் ஒன்று. அந்த உடைக்குக் கில்ட் என்று பெயர் என்பது தெரிந்தவர்களிடம்கூட, திரும்பச் சொல்லப்பட்ட இத்தகைய வாக்கியங்கள் கொஞ்சம் கூடுதல் நம்பகத்தைப் பெற்றன. ஆகவே "எனக்குத் தெரியாத துறை, அதனால் ஏமாந்தேன்" என்று நீங்கள் நினைப்பது முழுக்கச் சரியில்லை. தெரிந்த துறையிலும் ஏமாறுவோம். அறிவு நல்ல கவசம்தான், ஆனால் கழுத்துவரை மூடும் கவசம் இல்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுச் சரிபார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இப்போது பலரும் அதைத்தான் செய்கிறார்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நியூயார்க்கில் 2023இல் ஒரு வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில், முன்தீர்ப்புகளாகக் காட்டிய சில வழக்குகள் நடந்ததே இல்லை என்று தெரியவந்தது. சாட்ஜிபிடி உருவாக்கிக் கொடுத்தவை அவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. செய்தியில் பலரும் கவனிக்காமல் விட்ட இடம் இது: சாட்ஜிபிடியிடம் அவற்றைப் பெற்ற வழக்கறிஞர் சரிபார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இந்த வழக்கு உண்மையானதா என்று கேட்டுத்தான் இருக்கிறார். கேட்டது அதே சாட்ஜிபிடியிடம். அதுவும் ஆமாம் என்றது. அவர் பக்கத்தைவிட்டு வெளியேறவில்லை, அவ்வளவுதான். அந்த வழக்குகளின் பெயரைச் சட்டத் தரவுத்தளம் ஒன்றில் தேடியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, இனி எதையும் நம்ப மாட்டேன் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அதுவும் ஒருவகைச் சோம்பல்தான். வெள்ளம் புகுந்த நெடுஞ்சாலையில் ஒரு சுறா நீந்துவது போன்ற படம் 2011இல் ஐரீன் புயலின்போது கிளம்பி, அதன் பிறகு புயலுக்குப் புயல் ஊர் பெயர் மட்டும் மாறி வலம்வந்தது. தென்னாப்பிரிக்கக் கடலில் சிறு படகு ஒன்றைப் பின்தொடர்ந்த சுறாவின் புகைப்படத்திலிருந்து அந்தச் சுறாவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். எங்கள் தொழிலில் "தெருவில் சுறா" என்றாலே சிரிப்போம். 2022 செப்டம்பரில் இயன் புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, ஃபோர்ட் மையர்ஸ் நகரில் வெள்ளநீரில் சுறா போன்ற மீன் துள்ளும் காணொளி வந்தது. வழக்கம்போலச் சிரித்தவர்கள் பலர். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் எடுத்தவரைத் தேடிப்பிடித்து, மூலக் கோப்பின் நேரத்தையும் இடத்தையும் பார்த்து, காணொளி உண்மை என்று உறுதிசெய்தது. அந்த மீன் இளம் சுறாவாகத்தான் தெரிகிறது என்று வல்லுநர் ஒருவர் சொன்னார், எல்லாரும் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. பழைய பொய்யை வைத்துப் புதிய செய்தியைத் தள்ளியவர்கள், பார்க்காமல் நம்பியவர்களைவிட எந்த விதத்திலும் மேலானவர்கள் இல்லை. இரு தரப்பினரும் பார்க்கவில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வல்லுநர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும் விஷயத்தில் வெளியிலிருந்து பார்க்கும் நம்மால் எவர் சரி என்று சொல்ல முடியாது. பிரிந்து நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதே அங்கே நமக்குக் கிடைக்கும் பலன். அரை மணி நேரத்துக்கு முன் நடந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒப்பிட வேறு ஆதாரமே இருக்காது, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சிறிய மொழிகளில் எழுதப்படுவதைச் சரிபார்க்க ஆளும் குறைவு, பக்கங்களும் குறைவு. நேரமும் ஒரு எல்லைதான். படிப்பதையெல்லாம் சரிபார்ப்பவர் யாரும் இல்லை, நானும் செய்வதில்லை. பொழுதுபோக்காகப் படித்து மறந்துவிடப் போகிற செய்திக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அதை வைத்து நானே ஏதாவது செய்யப்போகிறேன் என்றால் ஐந்து நிமிடம் தேடுவேன். அடுத்தவர் உடம்பையோ பணத்தையோ பெயரையோ தொடுகிற செய்தி என்றால், மூலம் கிடைக்கும்வரை பகிர மாட்டேன். நான் தவறினால் எனக்கு வரும் நட்டத்தை நான் தாங்கிக்கொள்ளலாம், அவர்களுக்கு வருவதை அவர்கள்தானே தாங்க வேண்டும். உங்கள் கட்டுரை இந்த மூன்றாம் வகை. நீங்கள் தவறிய இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நம்பியது உங்கள் குற்றம் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஒன்றை, ஒரு நிமிடமும் தேடாமல், அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கும் குழுவில் வைத்தது உங்கள் கை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள், படித்தவர்கள் மனத்தில் அது அப்படியே இருக்கும். அதே குழுவில், அதே பதிவுக்குக் கீழே, எது தவறு என்று இரண்டு வரியில் எழுதுங்கள். மன்னிப்புக்கு ஒரு வரி போதும். குழுவில் யார் யார் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, நிறுத்திவிட்டீர்களா என்று கேளுங்கள். நிறுத்தியிருந்தால் இன்றே அவர்களுடைய மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

அப்புறம், உறவினர் போட்ட அந்த இணைப்பு. அதைத் திறந்து பார்த்தீர்களா? அவர் சொல்வது அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் அது யாருடைய பக்கம், எதைக் காட்டுகிறது என்று ஒரு டேப் திறந்து பார்த்துவிட்டே குழுவில் எழுதுங்கள்.